பிந்தி வந்தவனின் உம்மா

மைதீன் பாத்திமாவின் புருஷன் முகம்மது சுல்தான் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவான். தகரப் பெட்டியைத் திறந்து சீலைத்துணி, சவர்க்காரம், மகனுக்கு ஒரு தொப்பி என்று எடுத்து வைத்து முடித்ததும், ஒவ்வொரு தடவையும் அவன் சொல்லுகிற குறை ஒன்றே ஒன்றுதான்.

"வெள்ளைக்காரன் ஏசுதான் பாத்திமா. ஏசட்டும், வேலை வாங்குறவன் ஏசத்தான் செய்வான். ஆனா என்ன சொல்லி ஏசுதான்னு தெரிய மாட்டங்கு. சரி தொரை, சரி தொரைன்னு தலையை ஆட்டிக்கிட்டு நிக்கேன். என்னைப் பெத்தவளை ஏசுனானோ என்னமோ."

கடைசியாகப் போனவன் திரும்பவில்லை. காலராவில் மவுத்தாகிவிட்டான் என்று கூட வேலை பார்த்தவன் ஒருவன் வந்து சொன்னான். எங்கே அடக்கினார்கள் என்று கேட்டதற்கு அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா நாளெல்லாம் வீட்டுக்குள் இருந்துவிட்டு வெளியே வந்த பாத்திமா, வாசலோரம் இரண்டு அடுப்பு போட்டாள். விடியுமுன்னே ஆப்பம் சுட ஆரம்பித்தாள்.

அவள் இருந்த மணல்மேடு, ஏரலுக்கு நேர் எதிரே தாமிரபரணியின் அக்கரையில் இருந்தது. ஆப்பம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏரல் பஜாரில் இருந்தார்கள். ஆகவே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தோணி ஏறிப் போய்க் கடை கடையாகக் கொடுத்து வருகிற வேலை மகன் அசன் முகம்மதுக்கு. அவனைத்தான் அவள் ஏரலில் இருந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள்.

அவளுடைய அண்ணன் மதாருக்கு இது பிடிக்கவில்லை. அவர் காயல்பட்டணத்துக்கும் ஏரலுக்குமாகக் கருவாடு ஏவாரம் பண்ணுகிறவர்.

"இங்கிலீஷ் படிச்சு என்ன செய்யப் போறான்? கலெக்டர் ஆவப் போறானா? என் கூட அனுப்பு. தராசு பிடிக்கப் படிச்சுக் கொடுக்கேன்."

"அவன் வாப்பாவை ஏசுன பாசை அது, காக்கா. என்ன சொல்லி ஏசுனாங்கன்னு என் மவனுக்காவது தெரியட்டும்" என்றாள் பாத்திமா.

மதார் அதோடு அந்த வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

பையன் கெட்டிக்காரன். அதிலும் கணக்கு என்றால் சிலேட்டுக் குச்சியை எடுக்காமலே விடை சொல்லிவிடுவான். முதல் இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அப்புறம் திருநெல்வேலி டவுணிலிருந்து தில்லைநாயகம் பிள்ளை தலைமை ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

நெடுநெடுவென்று உயரம், நெற்றி நிறைய விபூதி, கையில் குடை, இடுப்பில் சங்கிலி போட்ட கடிகாரம். பள்ளிக்கூடம் சீர்கெட்டுக் கிடக்கிறது, இப்படியே போனால் சர்க்கார் மானியம் நின்றுவிடும் என்று கமிட்டிக்காரர்கள் அவரிடம் புலம்பியிருந்தார்கள். அவர் வந்த வாரமே பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரத்தைக் காலை ஏழரைக்கு மாற்றினார். வாசலில் இரும்புக் கதவு போடச் செய்தார். மணி அடித்து ஓய்ந்ததும் தம் கையாலேயே பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொள்வார். பிந்தி வருகிறவன் முதல் பாடம் முடியும்வரை கதவுக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டும். உள்ளே விடும்போது ஆளுக்கு இரண்டு அடி. அடிக்கு முன்னால் ஒரே ஒரு சொல் சொல்வார்.

"லேட்டு."

பாத்திமா கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் வார்த்தை அதுதான். உள்ளங்கை தடித்து வந்து நின்ற மகனிடம் கேட்டாள்.

"லேட்டுன்னா என்னலே?"

"பிந்தி வாறதும்மா. இஸ்டேசன்ல ரயில் வராட்டாலும் அதைத்தான் சொல்லுவாவோ."

"ரயிலையும் அடிப்பாவோளா?"

பையன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பிந்துவது யாரால் என்று அவளுக்குத் தெரியும். ஆப்பம் வேக வேண்டும், பெட்டி நிறைய வேண்டும், தோணிக்காரர் சுடலைக்கண்ணு ஆள் சேர்ந்தால்தான் துடுப்பை எடுப்பார், பஜாரில் கடைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் கதவைத் திறப்பார்கள். இதெல்லாம் முடிந்து அவன் ஓடிப் போவதற்குள் மணி அடித்துவிடும். முடிந்த நாளில் அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்போது மணல்மேட்டில் வாங்க வருகிறவர்கள் ஆளில்லை என்று திரும்பிப் போனார்கள். இரண்டு வாரம் அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மகன் தலையிலேயே பெட்டியை ஏற்றினாள்.

ஆவணி மாதத்தில் ஒருநாள், இன்னும் ஒரு தடவை பிந்தினால் பேரை வெட்டிவிடுவதாகத் தலைமை ஆசிரியர் சொன்னார் என்று பையன் வந்து சொன்னான். பாத்திமா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். தில்லைநாயகம் பிள்ளை கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார்.

"என்ன வேணும்?"

"அசன் முகம்மதுக்கு உம்மா நான். ஆத்தைத் தாண்டி வாற பிள்ளை, அய்யா. ஆப்பம் கொடுத்துட்டு வரணும். கொஞ்சம் முன்னப் பின்ன ஆயிருது. பைய விட்டுக் கொடுத்து..."

"ஆப்பம் விக்கணும்னா ஆப்பம் விக்கட்டும். படிக்கணும்னா படிக்கட்டும். ரெண்டையும் சேத்துச் செய்ய இது சந்தைக்கடை இல்ல."

"தகப்பன் இல்லாத பிள்ளை."

"எனக்கும்தான் தகப்பன் இல்ல. மூணு மைல் நடந்து போய்ப் படிச்சேன். ஒருநாள் பிந்தினது கிடையாது. உன் பிள்ளைக்குத் தனிச் சட்டம் கொண்டா, தனிச் சட்டம் கொண்டான்னா நான் எங்கன போவேன்?"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பாத்திமா கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். தோணியில் வரும்போது சுடலைக்கண்ணுவிடம், "கல்லுல ஈரம் இருக்கும் அண்ணாச்சி, அந்த ஆள்கிட்ட இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு பையன் பிந்தவில்லை. வேகும்போதே பெட்டியைக் கேட்டு நச்சரிப்பான். பஜாரில் கடை திறக்காவிட்டால் கதவிடுக்கில் இலைப் பொட்டலத்தைச் செருகிவிட்டு ஓடுவான். இளைத்துப் போனான்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. மேற்கே மலையிலும் நல்ல மழை. ஒருநாள் காலையில் விறகு முழுக்க நனைந்துபோய் அடுப்பு எரியவே மாட்டேன் என்றது. பாத்திமா ஊதி ஊதிக் கண் சிவந்துவிட்டாள். பாதிப் பெட்டி போதும், கொடு என்று பையன் பறந்தான். சொன்ன கடைக்கெல்லாம் கொடுக்காவிட்டால் நாளைக்கு வேறு ஆளிடம் வாங்குவார்கள் என்று அவள் அவனைப் பிடித்து வைத்தாள். பெட்டி நிறைந்ததும்தான் விட்டாள்.

படித்துறையில் ஆறு செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. சுடலைக்கண்ணு தோணியை மரத்தில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பம் எடுக்க முடியாதுலே. தண்ணி ஏறுது. கொஞ்சம் வடியட்டும், பாப்பம்."

"எனக்கு லேட்டாயிரும் அண்ணாச்சி."

"ஆனா ஆவட்டும். உசிரு முக்கியமா, ஒன் பள்ளிக்கூடம் முக்கியமா?"

பையன் ஆப்பப் பெட்டியைத் தோணிக்குள் நனையாத இடமாகப் பார்த்து வைத்தான். "இதைப் பொறவு கொண்டாங்க" என்றான். சுடலைக்கண்ணு கயிற்றின் மறுமுனையைக் கட்டக் குனிந்தார். நிமிர்ந்தபோது பையன் புத்தகத்தைத் தலையில் துண்டால் கட்டிக்கொண்டு, கோடையில் மாடு இறங்கிப் போகிற தடத்தில் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டிருந்தான். அவர் கத்தினார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடு ஆற்றில் தலை மட்டும் தெரிந்தது. பிறகு துண்டு தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

முக்காணிக்கு மேற்கே நாணல் காட்டில் மறுநாள் கிடைத்தான். தோணியில் இருந்த ஆப்பத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. சுடலைக்கண்ணு அதை அப்படியே கொண்டுவந்து பாத்திமா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதை ஆற்றில் கொட்டினாள்.

மையத்து எடுத்த வீட்டில் மதார் உட்கார்ந்துகொண்டு, வந்தவர் போனவரிடமெல்லாம், "இங்கிலீஷ் வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்" என்றார். அவர் மூன்றாம் ஆளிடம் சொல்லும்போது பாத்திமா உள்ளேயிருந்து வந்து அவருடைய செருப்பை எடுத்துத் தெருவில் போட்டாள். மதார் எழுந்து போனவர்தான். அப்புறம் அண்ணனும் தங்கையும் பேசியதே இல்லை.

பள்ளிக்கூடம் ஒருநாள் அடைத்துக் கிடந்தது. தலைமை ஆசிரியர் வரவில்லை. ஆற்றில் போனதற்கு அவர் என்ன செய்வார் என்று ஏரலில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு தோணி ஏறி மணல்மேட்டுக்கும் வந்தது. பாத்திமா அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அடுப்பையும் வைதாள், விறகையும் வைதாள், தன் கையையும் வைதாள். வைது முடித்துக் கடைசியில் அந்த இரும்புக் கதவில்தான் வந்து நிற்பாள்.

மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கிற விழா வந்தது. இன்ஸ்பெக்டர் துரை வருகிறார் என்று தோரணமெல்லாம் கட்டினார்கள். கணக்கு வாத்தியார் காந்திமதிநாதன், இளவயசுக்காரர், தோணி ஏறி மணல்மேட்டுக்கு வந்தார்.

"அவன் எழுதுன பரீட்சையில, கணக்குல அசன்தான் முதல், அம்மா. அந்தப் பரிசைத் துரை உங்க கையில கொடுக்கணும்னு பிரியப்படுதார். நான்தான் அவருக்கு எழுதிச் சொன்னேன். நீங்க வரணும்."

"அந்தக் கதவுக்குள்ளயா?"

"கதவு திறந்திருக்கும்மா. நான் வாசல்லயே நிப்பேன்."

அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு, மகன் ஜெயித்ததை இன்னொருத்தன் கையில் விடக்கூடாது என்று புறப்பட்டாள். சுடலைக்கண்ணுவும் தோணியைக் கட்டிப்போட்டுவிட்டுத் துணைக்கு வந்தார்.

கூடம் நிறைய ஆட்கள். மேஜைக்குப் பின்னால் துரை, பக்கத்தில் தில்லைநாயகம் பிள்ளை, சுவரில் புது ராஜாவின் படம். பாத்திமாவைப் பெண்களுக்கென்று போட்டிருந்த பெஞ்சியில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு பையனாகப் போய்ப் புத்தகம் வாங்கி வந்தான். கடைசியில் துரை எழுந்தார். முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தி ஏதோ பேசினார். ஒரு எழுத்தும் அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் அவர் மகன் பெயரைச் சொன்னபோது மட்டும் அவள் காது விடைத்தது. பெயருக்கு முன்னால் இன்னொரு சொல் இருந்தது.

"லேட் அசன் முகம்மது."

பாத்திமா எழுந்துவிட்டாள். துப்பட்டி தோளில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"என்ன சொன்னீரு?"

கூடம் திரும்பிப் பார்த்தது. தில்லைநாயகம் பிள்ளை கையை அசைத்து உட்காரச் சொன்னார்.

"உக்கார மாட்டேன். செத்த பொறவுமா என் பிள்ளையை லேட்டுங்கீங்க? அவன் உசிரோட இருக்கையில அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தானவே கொன்னீரு! கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள நின்னீரே, வெள்ளத்துல எந்தப் பிள்ளை வரும்னு எட்டிப் பாத்தீரா? கபருக்குப் போயாச்சு, இன்னும் என்னத்துக்கு அவனை லேட்டுன்னு பேர் சொல்லிக் கூப்பிடுதீக? இத்தனை ஆள் நடுவுல அவமானப்படுத்தவா என்னை வரச் சொன்னீக?"

துரை திடுக்கிட்டுத் தலைமை ஆசிரியரைப் பார்த்து ஏதோ கேட்டார். தில்லைநாயகம் பிள்ளை கொஞ்சமும் தயங்காமல் இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் பதில் சொன்னார். உடனே துரையின் முகம் இளகியது. பாத்திமாவைப் பார்த்துப் புன்னகை செய்து, தலையை லேசாகத் தாழ்த்தி, புத்தகத்தை நீட்டினார்.

அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். கொழும்பில் தலையாட்டிக்கொண்டு நின்ற புருஷன் நிலைமையில் இப்போது தான் நிற்பது அவளுக்கு உறைத்தது. மேஜைவரை நடந்து போனாள். புத்தகத்தை வாங்கினாள். வாங்கி, தில்லைநாயகம் பிள்ளைக்கு முன்னால் மேஜையில் ஓங்கி அறைந்தாள். மைக்கூடு உருண்டது.

"நான் சொன்னது சிரிக்கிற பேச்சா? என்ன மாத்திச் சொன்னீரு அந்த ஆள்கிட்ட?"

துரையின் சிரிப்பு நின்றது. அவர் தலைமை ஆசிரியரை விட்டுவிட்டுக் காந்திமதிநாதனைக் கூப்பிட்டார். காந்திமதிநாதன் முன்னால் வந்தார். தலைமை ஆசிரியர் அவரை முறைத்தார். அவர் துரையின் மேஜையையே பார்த்தபடி நிறையப் பேசினார். இடையில் கதவைக் காட்டினார், ஆறு இருக்கிற திசையைக் காட்டினார். சொல்லச் சொல்லத் துரையின் கழுத்து சிவந்தது. அந்த அம்மாள் நன்றி சொல்கிறாள், சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் தில்லைநாயகம் பிள்ளை மொழிபெயர்த்திருந்தார்.

பிறகு காந்திமதிநாதன் பாத்திமாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, துரை தப்பா ஒண்ணும் சொல்லல. அவங்க பாசையில லேட்டுன்னா பிந்தி வாறதுன்னும் அர்த்தம், காலஞ்சென்றவர்னும் அர்த்தம். மரியாதையாத்தான் சொன்னார்."

"காலஞ்சென்றவர்னா?"

பின்னாலிருந்து சுடலைக்கண்ணு, "மவுத்தானவுகளைச் சொல்லுதாக, தாயி" என்றார்.

பாத்திமா அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் தில்லைநாயகம் பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்.

"பிந்தி வந்தவனுக்கும் மவுத்தானவனுக்கும் ஒரே பேரா? அப்பம் நீரு சரியாத்தான்வே சொல்லிக்கிட்டு இருந்திருக்கீரு. தெனமும் என் பிள்ளை கையில அடிச்சு, நீ செத்தவன், நீ செத்தவன்னு சொல்லியிருக்கீரு. அந்தப் பாசை தெரியாம நான் ஆப்பம் சுட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

புத்தகத்தை எடுத்துக்கொள்ளாமலே இறங்கி நடந்தாள்.

துரை போன கொஞ்ச நாளில் ஓர் உத்தரவு வந்தது. வெள்ளக் காலத்தில் ஆறு கடந்து வருகிற பிள்ளைகளைப் பிந்தினதற்காகத் தண்டிக்கக்கூடாது, கதவைப் பூட்டவும் கூடாது என்று அதில் இருந்தது. தலைமை ஆசிரியருக்கு வேறு தண்டனை எதுவும் இல்லை. காந்திமதிநாதனுக்குத்தான் கிடைத்தது. அவரைக் கணக்கிலிருந்து இறக்கி, அரிச்சுவடி வகுப்பில் போட்டார் தில்லைநாயகம் பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு மேல் காந்திமதிநாதன் அங்கேயே கிடந்தார். உத்தரவைப் பற்றி ஊரார் வந்து சந்தோஷமாகச் சொன்னபோது பாத்திமா, "என் பிள்ளைக்கு முந்தித் தெறந்திருக்கணும் அந்தக் கதவு" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் அவள் மணல்மேட்டு அடுப்பைக் கலைத்தாள். கல்லையும் சட்டியையும் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து, பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் அடுப்பைப் போட்டாள்.

தில்லைநாயகம் பிள்ளை முதலில் போலீஸ்காரரை அனுப்பினார். தெரு சர்க்கார் தெரு, பள்ளிக்கூடத்துத் தெரு இல்லை என்று பஜார் முதலாளிகள் நாலைந்து பேர் வந்து சொன்னதும் போலீஸ்காரர் ஆப்பம் தின்றுவிட்டுப் போனார். பிறகு, பையன்கள் யாரும் அங்கே வாங்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். பையன்கள் ஒளித்து வாங்கினார்கள். பிறகு, ஆப்பம் வேகிற நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்து வேலையாளை விட்டு வாசலைத் தூசி கிளம்பப் பெருக்கச் சொன்னார். பாத்திமா அடுப்பைக் காற்று வருகிற பக்கமாக நகர்த்திப் போட்டாள். புகை முழுக்கத் தலைமை ஆசிரியர் அறைக்குள் போயிற்று.

தினமும் காலையில் குடையோடு அவர் வருவார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் அவர் திருப்பி முறைத்தார். சில மாதம் கழித்து, குடையை அவள் இருக்கிற பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வரப் பழகினார்.

இப்படி இரண்டு மழைக்காலம் போயிற்று.

ஒரு பங்குனி மாதம், மணி அடித்து ஓய்ந்த பிறகும் தலைமை ஆசிரியரைக் காணோம். பையன்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். பாத்திமாவும் பார்த்தாள். வெயில் ஏறிய பிறகு அவர் வந்தார். குடை இல்லை, நெற்றியில் விபூதி இல்லை, மேல்துண்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது. பாத்திமா அடுப்பைவிட்டு எழுந்து தெருவைக் கடந்தாள். திறந்திருந்த கதவை இழுத்துச் சாத்தி, அதன் முன்னால் நின்றாள்.

"லேட்டு" என்றாள்.

உள்ளே பையன்கள் சிரித்தார்கள். தில்லைநாயகம் பிள்ளை அவளைத் தாண்டிக் கம்பியைப் பார்த்தார்.

"வழி விடு."

"லேட்டுன்னா வெளியதான் நிக்கணும். நீரு போட்ட சட்டம்."

"வீட்டுல... வீட்டுல அவளுக்குச் சுகமில்ல. பிரசவம் நேராகல. ஆள் கூப்பிட அலைஞ்சேன்."

"என் மவன்கூட வெள்ளம்னுதான் சொல்லியிருப்பான். கேக்குறதுக்கு நீரு கதவைத் தெறந்தீரா?"

அவர் வெயிலில் நின்றார். போகவும் இல்லை. கடைசியில் அரிச்சுவடி வகுப்பிலிருந்து காந்திமதிநாதன் ஓடி வந்து, "போதும்மா, விட்டுருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்காக அவள் நகர்ந்தாள்.

அன்று சாயங்காலமே தில்லைநாயகம் பிள்ளையின் மனைவி உலகம்மாள் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. செய்தி வந்தபோது பாத்திமா சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். உலகம்மாளை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். சிவன் கோயிலுக்குப் போகிற வழியில், அடுப்பைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போன பெண். பாத்திமா அவளுக்காக அழுதாள். அவருக்காகத் துளிகூட இரங்கவில்லை என்பதையும் அழும்போதே தெரிந்துகொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மத்தியானம் தில்லைநாயகம் பிள்ளை ஆற்றைக் கடந்து மணல்மேட்டுக்கு வந்தார். சுடலைக்கண்ணு, ஆள் சேரட்டும் என்று அவரைக் கரையிலேயே வெகுநேரம் உட்கார வைத்திருந்தார். பாத்திமா வீட்டு வாசலில் வந்து நின்றவரை அவள் உட்காரச் சொல்லவில்லை.

"நான் வேலையை விட்டுட்டுப் போறேன்" என்றார் அவர்.

"போங்க."

"போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும்னு..."

"மன்னிச்சிருன்னு கேக்க வந்திருந்தா இப்பமே திரும்பிப் போயிரும். அது இந்த வீட்டுல இல்ல."

"கேக்க வரல. கேக்க எனக்கு வாயும் இல்ல." அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவன் வெளிய நிக்கிற நாள்ல, உள்ள கணக்குப் பாடம் நடக்கும். வாத்தியார் கணக்கைச் சொல்லி முடிக்குமுன்ன வெளிய இருந்து விடை வரும். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அங்கன இருந்தே சொல்லுவான். ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்ல. பேசாம நில்லுன்னு அதட்டுவேன். மறுபடியும் சொல்லுவான். உனக்குத் தெரிஞ்சிருக்காது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பாத்திமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மகன் வீட்டில் இதைச் சொன்னதே இல்லை. அடி வாங்கியதை மட்டும்தான் காட்டியிருக்கிறான். வெயிலில் நின்றுகொண்டு கணக்குச் சொல்லுகிற அந்தக் குரலை நினைத்துப் பார்த்தாள். தனக்குச் சேர வேண்டிய குரல் இத்தனை நாளும் இந்த ஆளிடம் இருந்திருக்கிறது.

"கேட்டும் தெறக்கலையே நீரு" என்றாள். "கேட்டுக்கிட்டே நின்னீராக்கும்."

"ஆமா."

"போயிரும். இந்தக் கரையில இனி உம்ம கால் படக்கூடாது."

அவர் போனார். தோணி நடு ஆற்றுக்குப் போகும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று ஆப்பத்துக்கு அரிசி ஊறப் போடவில்லை.

புதுத் தலைமை ஆசிரியராக வந்தவர் சிரித்த முகம். வந்த அன்றே தெருவைக் கடந்து வந்து, "சௌக்கியமா அம்மா?" என்று கேட்டார். காந்திமதிநாதனை மறுபடி கணக்குக்குப் போட்டார். பேச்சுவாக்கில் அவர், "லேட் எட்மாஸ்டர் காலத்துல..." என்று ஏதோ சொன்னபோது பாத்திமா நிமிர்ந்தாள். அவர் போனபின் காந்திமதிநாதனைக் கேட்டாள்.

"அந்த ஆளு மவுத்தாயிட்டாரா?"

"இல்லம்மா. டவுண்ல தங்கச்சி வீட்டுல இருக்கார். முந்தி வேலையில இருந்துட்டு விட்டுப் போனவரையும் லேட்டுன்னு சொல்றது உண்டு."

"அதுக்குமா!" என்றாள் பாத்திமா. "நல்ல பாசை. பிந்தினவன், செத்தவன், ஓடிப்போனவன், எல்லாத்துக்கும் ஒரே சட்டியில மாவு."

வேப்பமரத்தடியில் அதற்கு மேல் அவளால் இருக்க முடியவில்லை. குடையோடு வருகிறவர் இல்லை. முறைக்க ஆள் இல்லை. கதவும் பூட்டப்படுவதில்லை. ஒருநாள் அடுப்புக் கல்லைப் பெயர்த்துத் தோணியில் ஏற்றினாள்.

"கோவம் ஆறிருச்சா தாயி?" என்று சுடலைக்கண்ணு கேட்டார்.

"அடுப்பைத்தான் எடுத்தேன் அண்ணாச்சி. கோவத்தை யாரு எடுத்தா?"

அதன் பிறகு பாத்திமா நெடுங்காலம் மணல்மேட்டிலேயே இருந்தாள். ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் காலையில் படித்துறைக்கு வந்துவிடுவாள். கையில் புளிய விளார் இருக்கும். தோணிக்குக் காத்திருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் எவனாவது விளையாட்டுக்காகத் தண்ணீரில் கால் நனைத்தாலும் முதுகில் விழும். ஏன் அடிக்கிறாள் என்று சொல்லமாட்டாள். பிள்ளைகள் அவளை வெறுத்தார்கள். பேய் உம்மா என்று பேர் வைத்தார்கள். தகப்பன்மார் சண்டைக்கு வந்தார்கள். அவர்களையும் விளாரோடுதான் பார்த்தாள்.

ஒரு தடவை, அடி வாங்கிய பையன் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ ஆத்தோட போவ!" என்று சபித்தான். அவள் இன்னொரு அடி போட்டாள். தோணி வந்ததும் அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி உள்ளே உட்கார வைத்து, அக்கரையில் அவன் இறங்கி மேடேறுகிறானா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினாள்.